பேய் கரண்ட்

ஜெபசீலன் மைக்கைச் சோதிக்கும்போது 'ஹலோ' சொல்லமாட்டார். அதன் முன்னால் சாவிக்கொத்தை இரண்டு தடவை குலுக்குவார். "மனுசன் சத்தம் நேரத்துக்கு ஒண்ணு வே. சாவி என்னைக்கும் ஒரே மாதிரிதான் பேசும்" என்பார். போன சனிக்கிழமை சாயங்காலம் வேலை முடிந்து வந்து, பாளையங்கோட்டையில் எங்கள் ஆலயத்துப் பாடகர் குழுவின் முன்னால் ஒன்பதாவது தடவையாகக் குலுக்கிக்கொண்டிருந்தார். ஒலிபெருக்கி வாயைத் திறக்கவில்லை.

வாரத்தில் ஆறு நாள் அவருக்குத் தச்சநல்லூரில் உரக்கடை வேலை. ஞாயிற்றுக்கிழமை மைக். அவர் தூங்கி நான் பார்த்தது பிரசங்க நேரத்தில் மட்டும்தான். சட்டைப் பையில் வெள்ளை பிளாஸ்திரிச் சுருள் ஒன்று எப்போதும் இருக்கும். மனைவி பாக்கியவதியின் தொண்டை ஆபரேஷனுக்கு வாங்கியதில் மீந்தது. ஒயர்களுக்கு அதில்தான் பெயர் எழுதி ஒட்டுவார்.

பின்வரிசையில் பாடும் எனக்கு மைக்கே ஆகாது என்பது அவர் கருத்து. பாக்கியவதிக்கோ சாதா மைக் போதாது. வாயருகே வைத்தால் மூச்சுதான் கேட்கும். எட்ட நின்றாலும் மெல்லிய குரலைப் பிடிப்பது, அன்று ஜெபசீலன் சோதித்துக்கொண்டிருந்த கண்டென்சர் மைக் ஒன்றுதான். ஆபரேஷனாகி ஏழு மாதத்துக்குப் பிறகு, மறுநாள் ஸ்தோத்திரப் பண்டிகையில் பாக்கியவதி ஒரு சரணம் தனியாகப் பாடுவதாக இருந்தது.

ஈரம் ஆகாதென்று மழைக்காலம் முழுக்க அரிசி போட்ட டிபன் டப்பாவில் வைத்துக் காத்த மைக் அது. அதற்கு மிக்ஸரிலிருந்து மின்சாரம் போகவேண்டும். மைக் ஒயர் வழியாகவே, கண்ணுக்குத் தெரியாமல் போவதால் ஜெபசீலன் அதற்கு வைத்த பெயர் 'பேய் கரண்ட்'. பதினோரு வருஷமாக அதைச் சொல்லி எங்களைச் சிரிக்கவைக்கிறார்.

ஒயரை மாற்றினார். மிக்ஸரில் வேறு துளையில் செருகினார். மைக்கின் வலையைக் கழற்றி ஊதக்கூடப் பயந்து, பார்த்துவிட்டு மூடினார். "உள்ள இருக்க தகடு போயிருக்கும். மெட்ராஸுக்குத்தான் அனுப்பணும்" என்று படியில் உட்கார்ந்துவிட்டார்.

"விடுங்க. கரோலின் பாடட்டும்" என்று முன்வரிசைப் பெண்ணைக் காட்டினார் பாக்கியவதி. அந்தக் குரல் மூன்றாவது பெஞ்சுக்குக்கூட எட்டியிருக்காது.

"செத்த இரு. பைய பாப்போம்" என்றாரே தவிர, ஜெபசீலன் எழுந்திருக்கவில்லை.

மணியடிக்கும் ஷிபின் தலையைச் சொறிந்துகொண்டு வந்தான். "அண்ணாச்சி, கோவப்படாதீங்க. நேத்து தூசி தட்டும்போது அந்தப் பேய் கரண்டு பட்டன நாந்தான் அமத்தி ஆஃப் பண்ணிட்டேன். பண்டிகையும் அதுவுமா கோயிலுக்குள்ள பேய் எதுக்குன்னு..."

மிக்ஸரில் அந்தப் பட்டனுக்குப் பக்கத்து விளக்கு ஃபியூஸாகி இரண்டு வருஷம். யாரும் தொடாத பட்டன் என்று அதை மட்டும் ஜெபசீலன் பார்க்கவில்லை. நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை.

"உன்னைச் சொல்லி என்ன லே. பேரு வச்சவனைச் சொல்லணும்."

பட்டனை அமுக்கிவிட்டுச் சாவியைக் குலுக்கினார். ஆலயம் முழுக்கக் கேட்டது.

மறுநாள் பாக்கியவதி பாட எழுந்தபோது நான் மிக்ஸர் பக்கம் திரும்பிப் பார்த்தேன். பட்டன்மேல் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. அது போதாதென்று ஜெபசீலன் அதன்மேல் பெருவிரலையும் வைத்திருந்தார். பாக்கியவதியின் குரல் நடுங்கினாலும் கடைசி பெஞ்சுவரை போனது. சரணம் முடிந்து நாங்கள் எல்லோரும் சேர்ந்து பாடத் தொடங்கிய பிறகும், அவர் அந்த விரலை எடுக்கவில்லை.