கல்யாணராமனின் வலது காது

ஆஸ்பத்திரிக் கட்டிலில் சாய்ந்தபடி, பிளாஸ்க் மூடியில் ஊற்றிய காப்பியை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து, சாய்த்து, முகர்ந்து பார்க்கிறார் கல்யாணராமன். "புளியங்கொட்டை வாசனை வரதே!" தில்லி ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் கண்ணெதிரே அரைத்து வாங்கிய பொடி என்று மனைவி வைதேஹி சத்தியம் செய்தாலும் எடுபடாது. கட்டியவளுக்கே இந்தக் கதி என்றால் டாக்டரம்மா எம்மாத்திரம்?

சர்வீஸ் முழுக்க சர்க்கார் ஆடிட்டில் குப்பை கொட்டுகிறவர். சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் கதவைப் பூட்டினால் பூட்டில் தொங்கியும் பார்ப்பார். மாடிப்படியில் வழுக்கி வலது இடுப்பு முறிந்தபோதுகூட, எக்ஸ்ரே படம் தன்னுடையதுதானா என்று பெயரைச் சரிபார்த்த பிறகுதான் முனகினார்.

தகடு வைத்துத் தைத்தாயிற்று. இனி வாக்கரைப் பிடித்து எழுந்து நிற்க வேண்டும். படுத்தே கிடந்தால் கால் விறைத்துப் போகும். வலி விட்டால்தானே நிற்பது? மாத்திரையோ அவருடைய வயிற்றுப் புண்ணுக்கு ஆகவில்லை. அதனால் டாக்டர் இந்திராணி, கொழும்பில் கற்றுவந்த அக்குபங்சர் வித்தையைக் கையில் எடுத்தார். காது மடலில் கடுகளவு ஊசி, மேலே ஒரு துண்டு பிளாஸ்திரி.

"இடுப்பு ஒடிஞ்சா காதுல குத்தறா. காது வலிச்சா எங்கே குத்துவாளோ!"

மத்தியானம் வலி தணிந்தது. "டிரிப்ல எதையோ கலந்துட்டா" என்றார். சாயங்காலம் வலி திரும்பியது. "பாத்தியா, எல்லாம் தோக்கா, ஏமாத்து வேலை!" வலியிலும் முகத்தில் ஜெயித்த களை. டாக்டர் வந்து பார்த்தால் காதில் ஊசியே இல்லை.

"ஊசி எங்க சார்?"

"என்னைக் கேட்டா? குத்தினேளோ, குத்தற மாதிரி பாவ்லா பண்ணினேளோ!"

மறுநாள் காலையில் புது ஊசி. "நாளைக்கு எப்படியும் நின்னுடணும் சார்" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டுத் திரும்பினார் இந்திராணி. அவர் வார்டைத் தாண்டவில்லை, "பையா, பாட்டில்! ஜல்தி!" என்று வார்டு ஆளை அவசரப்படுத்தும் இவர் குரல். சிறுநீர் கழிக்குமுன் பூணூலை வலது காதில் சுற்றிக்கொண்டார், உபநயனம் ஆன நாளிலிருந்து செய்வதுபோல. காரியம் முடிந்ததும் வெடுக்கென்று இழுத்தார். நூலோடு பிளாஸ்திரியும் வந்தது. அதன் நடுவே ஊசி மினுங்கியது.

"ஏன்னா, திருடன் இங்கேன்னா இருக்கான்!" வைதேஹி அதை அப்படியே தூக்கிக் காட்டினாள்.

கல்யாணராமனுக்கு முகம் செத்துவிட்டது. ஊரையே சந்தேகப்பட்டவர், தன் மார்பில் கிடந்த நூலை விட்டுவிட்டார். பாவமாகத்தான் இருந்தது.

திரும்பிவந்து மறுபடி குத்திய டாக்டரிடம், "இடது காதுல குத்தப்படாதோ?" என்று குரலைத் தணித்துக் கேட்டார்.

"வலது இடுப்புக்கு வலது காதுன்னுதான் எனக்குச் சொல்லிக் கொடுத்திருக்காங்க சார்."

"எனக்கும் வலது காதுன்னுதான் சொல்லிக் கொடுத்திருக்கா" என்று முணுமுணுத்தார்.

அடுத்த நாள் காலை வாக்கர் கட்டிலருகே வந்து நின்றது. அதற்கு முன் பாட்டில் கேட்டார். பூணூலோடு வலது காதுக்குப் போன கை, பிளாஸ்திரி தட்டுப்பட்டதும் நின்றது. வாக்கரைப் பார்த்தார். வைதேஹியைப் பார்த்தார். அவள் அவசர அவசரமாகத் துண்டு மடிக்கத் திரும்பிக்கொண்டாள்.

பூணூலை இடது காதில் மாட்டிக்கொண்டார்.