அக்காவுக்குப் பூசிய சுவர்

சுட்ட சுண்ணாம்புக் கல்லில் தண்ணீர் ஊற்றியதும் பீப்பாய்க்குள் 'புசுபுசு' என்று கொதித்தெழும் ஆவி மூக்கிலேறித் தும்ம வைக்கும். "தள்ளி நில்லுங்கோடி, கண் போயிடும்!" என்று அம்மா கத்துவா. அக்காவும் நானும் கேட்டால்தானே!

சுன்னாகத்துக்குப் பக்கத்தில், எங்கள் வளவிலேயே, அக்காவுக்கென்று வீடு எழும்பிக்கொண்டிருந்தது. எங்கடை பக்கத்தில் மூத்த பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம். தையில் நாளும் வைத்தாயிற்று. போர்த் தடையால் யாழ்ப்பாணத்துக்குள் சீமெந்து வராத காலம் என்பதால் மேசன் சுண்ணாம்பும் மணலும் குழைத்தே சுவர் பூசினார். பூச்சு வெடிக்காமலிருக்க நாங்கள் காலையும் மாலையும் தண்ணீர் தெளித்து, ஒட்டாத மணலைத் தேங்காய் நார்ப் 'பொச்சால்' தேய்த்து உதிர்த்து, வெள்ளையடிக்கச் சுண்ணாம்பைக் கரைத்துப் பழைய சாறத் துணியில் வடித்தெடுத்தோம். வெள்ளை பளிச்சென்றிருக்க உடுப்புக்குப் போடும் 'நீலம்' ஒரு சிட்டிகை போடச் சொன்னார் அப்பா. அக்கா பொட்டலத்தையே கவிழ்த்துவிட்டா.

அடித்துக் காய்ந்ததும் நீலமாய் நின்ற சுவரைப் பார்த்து அப்பா திகைத்துப்போனார். "இதென்ன வீடோ, பொலிஸ் ஸ்ரேசனோ?"

"இருக்கப்போறது நான்தானே, நீங்கள் ஏன் அழுறியள்?" என்றா அக்கா. அம்மாவுக்குச் சிரிப்பு அடங்கவேயில்லை.

அதன்மேல் இன்னொரு பூச்சு அடிக்கக் கரைத்த சுண்ணாம்பு பீப்பாயிலேயே கிடக்க, ஆமி முன்னேறி வர, ஐப்பசி மழைக்குள் எங்கள் பகுதியான வலிகாமமே எழும்பி நடந்தது. தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் நெருக்கியடித்துக்கொண்டு கிடந்தோம். அங்கேதான் அக்காவுக்கு மலேரியாக் காய்ச்சல் வந்தது. மருந்து கிடைக்கவில்லை. தை பிறக்க முன்னரே போயிட்டா. என்ன பாவம் செய்தோமோ, இன்றைக்கும் எனக்கு மனம் ஆறவில்லை.

நாங்கள் திரும்பி வந்தபோது கூரை இல்லை. சுவர்கள் மட்டும் நின்றன, அதே நீலத்தோடு. சில வருடங்களில் அப்பா கூரை போட்டு, அந்த வீட்டையே எனக்குச் சீதனமாக எழுதினார். என் கலியாணத்துக்கு முதல், வெள்ளையடிக்கவென்று வாளியோடு உள்ளே போனவரை வெகுநேரம் காணவில்லை. எட்டிப் பார்த்தேன். சுவரைத் தொடாமலே நின்றுகொண்டிருந்தார்.

"நீயே அடி பிள்ளை, என்னாலை ஏலாது."

நான்தான் அடித்தேன். அழுதழுது அடித்தேன்.

இப்போது ஊரில் எவரும் சுண்ணாம்பு நீற்றுவதில்லை. வேண்டிய நிறத்தில் பெயின்ற் கடையிலேயே கிடைக்கிறது. அம்மாவும் அப்பாவும் இல்லை. வீட்டு உறுதிப் பத்திரத்தில் என் பெயர்தான் இருக்கிறது, ஆனாலும் என் வாயில் 'அக்கா வீடு' என்றுதான் வருகிறது.

"ஆரம்மா அந்த அக்கா?" என்று என் மகள் கேட்கிறாள்.