சமயபுரம் போன முழங்கால்

அம்மாவின் முழங்காலுக்கு ஆபரேஷன்தான் என்று டாக்டர் சொன்னதும், அவள் பயந்துவிடுவாள் என்று வேறொரு டாக்டரிடம் அழைத்துப்போனேன். அவர் அம்மாவின் ரத்தத்தையே எடுத்து, அதில் ஒரு பகுதியைப் பிரித்து, முழங்காலில் ஊசியாகப் போட்டார்.

"இதுல சரியானா ஆபரேஷன் வேண்டாம். கொஞ்ச நாள் அதிகம் நடக்காதீங்கம்மா."

மறுநாள் காலை ஸ்ரீரங்கம் வீட்டில் அம்மாவைக் காணோம். போன் செய்தேன்.

"சமயபுரத்துல இருக்கேன்டா. விடியறதுக்கு முன்னாடியே கிளம்பி நடந்தே வந்துட்டேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பைக்கில் பறந்தேன். முழங்கால் பந்தாக வீங்கியிருக்க, கோயில் வாசலில் உட்கார்ந்திருந்தாள்.

"டாக்டர் ஆபரேஷன் வேண்டாம்னு சொல்லிட்டா நடந்து வரேன்னு ஆத்தாகிட்ட வேண்டியிருந்தேன்."

"ஆபரேஷனுக்கு அவ்வளவு பயமாம்மா?" என்று கத்தினேன்.

"எனக்கென்ன பயம்? டாக்டர் சொன்னதும் உன் கைதான்டா நடுங்குச்சு."

அவள் முழங்காலைப் பிடித்திருந்த என் கையைப் பார்த்தேன். இப்போதும் நடுங்கிக்கொண்டுதான் இருந்தது.