எட்டாவது தடவை

இன்று காலையிலிருந்து நாகல் நகரில் யாருக்கும் இன்டர்நெட் இல்லை. எங்கள் பிராட்பேண்ட் ஆபீஸில் போனை எடுப்பதும் நான்தான், ரவுட்டரைப் பார்ப்பதும் நான்தான்.

"மோடத்தை ஆஃப் பண்ணி, செத்த நேரம் கழிச்சு ஆன் பண்ணுங்கம்மா" என்றேன், போனில் வந்த ஓர் அம்மாவிடம்.

"ஏழு தடவை பண்ணிட்டேன் தம்பி. மஸ்கட் மாப்பிள்ளை கேமராவுல பொண்ணு பாக்க உக்காந்திருக்காரு. இங்க பிள்ளை பட்டுச்சேலை கட்டி நிக்குது!"

அப்போதுதான் உறைத்தது. எங்கள் இரண்டு ரவுட்டர்களும் ஒன்றுக்கொன்று வழி சொல்லிக்கொள்ள ஒரே பாஸ்வேர்டு வேண்டும். காலையில் ஒன்றில் மட்டும் மாற்றிவிட்டு டீ குடிக்கப் போனவன் நான்.

அடித்துப்பிடித்து மற்றதிலும் மாற்றினேன்.

உடனே அதே அம்மா. "எட்டாவது தடவைக்கு வந்துருச்சு தம்பி! எட்டுவாட்டி பண்ணணும்னு தெரு பூரா சொல்லிட்டேன்."

"ஆமாம்மா, எட்டுதான்" என்றேன்.

நீங்களாக இருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பீர்களாக்கும்?