நோன்போடு ஆடிய கடைசி ஆட்டம்

எங்கள் வீட்டு மாடியில் குடியிருந்தவர் தன் நாட்டுக் கால்பந்து அணிக்கே தலைவராக இருந்த தடுப்பாட்டக்காரர். மேற்கு ஆப்பிரிக்காவில் அவர் ஊர்ச் சுவர்களில் அவர் முகத்தை வரைந்து வைத்திருப்பதைக் கைபேசியில் காட்டியிருக்கிறார். பிறகு ஐரோப்பா, முழங்காலில் அறுவை, தாய்லாந்து, கடைசியில் யாங்கோன். யானை படுத்தாலும் குதிரை மட்டம். இங்கே அவரைத் தாண்டிப் பந்தைக் கொண்டுபோவது லேசில்லை. ஆனால் கிளப்புக்கு வந்த புது மேனேஜருக்கு அவர் கிழவர். பருவத்தின் கடைசி ஆட்டத்தைப் பார்த்துவிட்டுத்தான் ஒப்பந்தத்தை நீட்டிப்பாராம். நீட்டாவிட்டால் விசா இல்லை; அந்த முழங்காலை வேறு எந்தக் கிளப்பும் எடுத்துக்கொள்ளாது.

ரமலான் மாதம். மின்சாரத்தை நம்ப முடியாத ஊரில் ஆட்டத்தை இருட்டுவதற்குள் முடிக்கவேண்டும். முடிவதற்கும் நோன்பு திறக்கப் பாங்கு சொல்வதற்கும் சரியாக இருக்கும்.

"இன்னிக்கு ஒரு நாள் நோன்ப விடுங்க. பெருநா கழிச்சுப் புடிச்சுக்கலாம்" என்றேன்.

"பயந்துபோய் விட மாட்டேன், ஆக்கோ" என்றார். பர்மியில் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவது. எங்களுக்குள் பர்மிதான்.

பள்ளிவாசல் கஞ்சியைத் தூக்குவாளியில் வாங்கிக்கொண்டு கோல் கம்பத்துக்குப் பின்னால் போய் நின்றேன்.

இடைவேளையில் மேனேஜர் காரில் ஏறிப் போய்விட்டார். கிளப்பில் உடுப்புத் துவைப்பவர் வேலி ஓரமாக வந்து, இவர் இடத்துக்கு வேறொரு ஆளை எடுத்தாகிவிட்டது என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பார்க்கவே போவதில்லை என்றால் நோன்பாளியை எதற்கு வெயிலில் ஓடவிடவேண்டும்? உள்ளே ஆடுகிறவரிடம் சொல்லவும் வழியில்லை. அவர் ஒவ்வொரு முறை காலை நீட்டும்போதும் அந்த முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் அணி ஒரு கோல் முன்னால் இருந்தது. வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தபோது பாங்கு கேட்டது. தண்ணீர் பாட்டிலைத் தூக்கிக் காட்டினேன், அவர் திரும்பவில்லை. எதிரணி முன்கள வீரன் பந்தோடு தனியாக வந்துகொண்டிருந்தான். இவர் அந்த முழங்காலை மடக்கிச் சறுக்கி விழுந்து பந்தைத் தட்டிவிட்டார். அதோடு விசில்.

நொண்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். தண்ணீர் குடித்தார். கஞ்சி ஊற்றிக் கொடுத்துவிட்டு, "மேனேஜரு..." என்று இழுத்தேன்.

"பாதியிலயே போயிட்டாரு. பாத்தேன்."

"தெரிஞ்சுமா அந்தக் கால வச்சுக்கிட்டு விழுந்தீங்க?" என்று கத்திவிட்டேன்.

"கோல் போயிருக்குமே, ஆக்கோ."

காலிக் கிண்ணத்தை மறுபடி நீட்டினார். எனக்கு அழுகை வந்துவிட்டது. நான் ஊற்றியதில் பாதி புல்லில் கொட்டியது.