காட்டூர் வரைக்கும் வந்த சோறு

என் அக்காவோடு நான் இன்றைக்கும் சண்டை போடுவேன். ஒரே விஷயத்துக்குத்தான். "ஏன்டி எங்கிட்ட சொல்லல?" என்று ஆரம்பிப்பேன். "நீ தண்ணி மேல இருந்தடி" என்பாள். "நான் ஏசி ரூமுல பெட்ஷீட்டு மாத்தினு இருந்தேன், எந்தத் தண்ணி மேல இருந்தேன்?" என்று கத்துவேன். அவள் மீனை ஆய்ந்துகொண்டே இருப்பாள். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று ஊருக்கே தெரியும். இந்தக் கோபத்தை எங்கே கொண்டுபோய் இறக்குவது என்றுதான் எனக்குத் தெரியவில்லை.

எங்கள் ஊர் தோணிரேவு. இந்தப் பக்கம் ஏரி, முகத்துவாரம் தாண்டினால் கடல். ஊரில் ஒரு முறை உண்டு. ஆள் தொழிலுக்குப் போயிருக்கும்போது வீட்டில் சாவு விழுந்தால் அவனுக்குச் சேதி அனுப்ப மாட்டார்கள். எதிரில் வருகிற படகுக்காரன்கூட வேறு பேச்சுப் பேசிவிட்டுப் போய்விடுவான். துக்கத்தோடு தண்ணீர் மேல் நிற்கிறவனுக்குக் கை நழுவும், கால் நழுவும், ஒரு சாவு ரெண்டாகிவிடும் என்பார்கள். அவன் கரைக்கு வந்து, படகைக் கட்டி, ஒரு வாய் சாப்பிட்டுக் கை கழுவின பிறகுதான் சொல்வார்கள். வீட்டுக்குப் போனால் அழுகைச் சத்தம் கேட்டுவிடும் என்று சோற்றைக் கரைக்கே எடுத்து வந்துவிடுவார்கள். சின்ன வயதில் நானே பார்த்திருக்கிறேன். ஒருத்தர் மணலில் உட்கார்ந்து சாப்பிடுவார், சுற்றி நிற்கிறவர்கள் எல்லாரும் தரையைப் பார்த்துக்கொண்டு இருப்பார்கள். சாப்பிடுகிறவருக்கும் சாவு என்று தெரியும். யார் என்றுதான் தெரியாது.

எனக்கு மஸ்கட்டில் ஒரு ஹோட்டலில் வேலை கிடைத்தது. ரூம் சுத்தம் செய்கிற வேலை, ரெண்டு வருஷ ஒப்பந்தம். "பொம்பளப் புள்ளய கடல் தாண்டி அனுப்புறதா?" என்று அம்மா மூணு வேளையும் அழுதாள். நைனாதான், "கடலுக்குப் போறது இன்னா நமக்குப் புதுசா? போய்ட்டு வரட்டும் வுடு" என்றார். நைனா சிரிக்கிற மனுஷன். வலை கிழிந்து வந்தாலும் சிரிப்பார். அந்தப் பங்குனியில் நான் கிளம்பினபோதும் ஏர்போர்ட் வாசலில் சிரித்துக்கொண்டேதான் நின்றார்.

போன முதல் மாசம் ரூமில் உட்கார்ந்து அழுதேன். அப்புறம் ஊர் சுற்ற ஆரம்பித்தேன். எங்கள் சூப்பர்வைசர் ஒரு கேரளத்து சேச்சி, கூட வேலை செய்கிறவள் ஒரு நேபாளத்துப் பெண். லீவு நாளில் மூணு பேரும் கிளம்பிவிடுவோம். அங்கே மத்ரா என்கிற இடத்தில் மீன் மார்க்கெட்டுக்குப் போனோம். நான் கை சும்மா இருக்காமல் ஒரு வஞ்சிரத்தின் செவுளைத் தூக்கிப் பார்த்தேன். கடைக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். வலை வீசுகிற மாதிரி கையைக் காட்டி, என் அப்பா, என்று சொன்னேன். அவருக்குப் புரிந்துவிட்டது. அப்புறம் நான் எந்த மீனைத் தொட்டாலும் ஒன்றும் சொல்லவில்லை. இன்னொரு தடவை மலைக்கு நடுவில் தண்ணீர் ஓடுகிற ஒரு இடத்துக்குப் போனோம். நேபாளத்துப் பெண் நீந்தினாள். நான் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு காலால் தடவிக்கொண்டே இருந்தேன். "எந்தா தேடுந்நே?" என்று சேச்சி கேட்டாள். சேற்றில் நண்டு தேடிப் பழகின கால், அதுபாட்டுக்குத் தேடுகிறது. அங்கே சேறே இல்லை.

பெரிய கூத்து, ஓங்கல் பார்க்கப் போனதுதான். டால்ஃபினை எங்கள் ஊரில் ஓங்கல் என்போம். எங்கள் ஊரில் பொம்பளைகள் ஏரிப் படகில் ஏறலாம், கடலுக்குப் போகிற படகில் ஏறக் கூடாது. அதனால் நான் முதன்முதலாகக் கடலில் போனதே மஸ்கட்டில், துட்டு கொடுத்து, ஆரஞ்சு மிதவைச் சட்டை மாட்டிக்கொண்டு. ஓங்கல் வந்தது, துள்ளியது, எல்லாரும் போட்டோ எடுத்தார்கள். நான் படகு விளிம்பைப் பிடித்துக்கொண்டு குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்துக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கு நைனாவுக்குப் போன் போட்டேன். அவரிடம் போன் கிடையாது, அக்கா போனில்தான் பேசுவார். "கடலுக்குப் போறவன் பொண்ணு வாந்தி எடுத்துச்சுன்னு வெளிய சொல்லாதம்மா, என் மானம் போவும்" என்றார். மறுநாளே ஊர் முழுக்க அவரே சொல்லிவிட்டார் என்று அக்கா சொன்னாள். பேச்சோடு பேச்சாக, அங்கே மலையை ஒட்டியே கடல் இருக்கிறது, மலை நேரே தண்ணீரில் இறங்குகிறது என்றேன். நைனா அதைப் பிடித்துக்கொண்டார்.

"மலைய ஒட்டியா? அப்ப படகை எங்க ஏத்துவாங்க?"

"தெரியலியே நைனா."

"மணலே இல்லன்னா எப்படி ஏத்துவான்? வலைய எங்க காய வெப்பான்?"

"பாத்துட்டு வந்து சொல்றேன்."

"நீ சொல்லி எனக்கு இன்னா புரியும். நானே வந்து பாத்தாதான் உண்டு."

சும்மாதான் சொன்னார். ஆனால் அடுத்த தடவை பேசும்போதும் அதையே கேட்டார். அதற்கடுத்த தடவையும் கேட்டார். பிறந்ததிலிருந்து ஆந்திர எல்லையில் எளாவூர் செக்போஸ்ட்டுக்கு அந்தாண்டை ரெண்டு ஊர், இந்தாண்டை சென்னை, இவ்வளவுதான் அவர் பார்த்த உலகம். என்னிடம் ஒரு புடவைகூட வாங்கி வா என்று கேட்காத வீடு அது. அதில் நைனா ஆசைப்பட்டுக் கேட்டது இது ஒன்றுதான்.

ஜனவரி ஒண்ணாம் தேதி ஹோட்டலில் ஒரு பழக்கம். இந்த வருஷத்துக்கு உன் லட்சியம் என்ன என்று ஒவ்வொருத்தரையும் கேட்டு, கலர் தாளில் எழுதச் சொல்லிச் சாப்பாட்டு அறைச் சுவரில் ஒட்டுவார்கள். நேபாளத்துப் பெண் உடம்பைக் குறைப்பேன் என்று எழுதிவிட்டு ரெண்டாவது தட்டு பிரியாணிக்குப் போனாள். நான் தமிழில் எழுதினேன். நைனாவை இங்கே கூட்டிக்கொண்டு வந்து கடலைக் காட்ட வேண்டும். சேச்சி என்ன என்று கேட்டாள், சொன்னேன். "நடக்கும் மோளே" என்று என் கன்னத்தைத் தட்டினாள்.

அன்றைக்கே நைனாவிடமும் சொன்னேன். "வருசத்துக்கு ஒரு எண்ணமா? எனக்கு இன்னைக்கு வலையில எறா வந்தா போதும்" என்று சிரித்தார். சிரித்தாரே தவிர, சித்திரையில் பொன்னேரிக்குப் போய் பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். மாமாவின் காலர் சட்டையை, அதாவது அக்கா புருஷன் சட்டையை, வாங்கிப் போட்டுக்கொண்டு போனாராம். "சிரிக்கக் கூடாதுனு சொல்லிட்டான்மா அந்த ஸ்டூடியோக்காரன். வெளிநாட்டுக்குப் போறவன் அழுதுனேதான் போவணும் போல கீது" என்றார். நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து ரூம்காரி எட்டிப் பார்த்தாள்.

அந்த ஆடியில் நைனா செத்துப்போனார். விடிகாலையில் ஏரிக்குப் போய் வந்தவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆட்டோ பொன்னேரியைத் தொடுவதற்குள் முடிந்துவிட்டது. எனக்குத் தெரியாது. எனக்குச் சொல்லக் கூடாது என்று முடிவு பண்ணினது அம்மா. "பொம்பளைக்கு ஏது இந்த முறை, போன் போட்டுச் சொல்லுங்க" என்று ஊரில் சிலர் சொல்லியிருக்கிறார்கள். "அவளும் தொழிலுக்குத்தான் போயிருக்கா. தண்ணிக்கு அந்தாண்டை தனியா கீறா. கரைக்கு வரட்டும்" என்று அம்மா சொல்லிவிட்டாள்.

அன்றிலிருந்து நான் எப்போது போன் போட்டாலும் நைனா தொழிலுக்குப் போயிருந்தார். காலையில் போட்டாலும் போயிருந்தார், சாயந்தரம் போட்டாலும் போயிருந்தார். முகத்தைக் காட்டு என்றால் அக்கா போனில் கேமரா உடைந்திருந்தது. மாசக் கணக்கில் உடைந்தே இருந்தது. நான் ரிப்பேருக்குத் துட்டு அனுப்பினேன், அப்பவும் உடைந்திருந்தது. கார்த்திகையில் புயல் எச்சரிக்கை என்று சேச்சி டிவியில் பார்த்துச் சொன்னாள். பதறிப்போய் அக்காவைக் கூப்பிட்டேன்.

"நைனா எங்க?"

"கடலுக்குப் போயிருக்காரு."

"புயல் கூண்டு ஏத்திருக்கான், எந்த மடையன்டி கடலுக்குப் போவான்?"

"இல்ல… ஏரிக்குத்தான். ஏரிக்கு."

"ஏரிக்கு மட்டும் எதுக்குப் போறாரு? வயசு இன்னா அவருக்கு? வந்தா நான் திட்டுனேன்னு சொல்லு."

"சொல்றேன்" என்றாள். நானும் வைத்துவிட்டேன். கடலுக்குப் போகிறவன் வீட்டில் பிறந்த எனக்கு அந்தப் பதிலில் ஒன்றும் தோன்றவில்லை. நைனா செத்துப்போவார் என்கிற நினைப்பே எனக்குக் கிடையாது, அதுதான் காரணம்.

மறு ஜனவரி வந்தது. திரும்பவும் கலர் தாள் கொடுத்தார்கள். திரும்பவும் அதையே எழுதினேன். பழைய தாளில் நைனா என்று மட்டும் எழுதியிருந்தேன், இந்தத் தடவை அம்மாவையும் சேர்த்தேன். அக்காவுக்குப் போன் போட்டு, போட்டோ எடுத்து இவ்வளவு நாளாச்சே, பாஸ்போர்ட்டுக்கு ஏன் இன்னும் கொடுக்கவில்லை என்று கேட்டேன். "குடுக்கலாம், குடுக்கலாம்" என்றாள்.

"போட்டோவாவது பத்திரமா கீதா?"

"கீது."

"நல்லா வந்திருக்கா?"

"நல்லா வந்திருக்கு" என்றாள். அந்தப் போட்டோவைப் பெரிசாக்கி, கண்ணாடி போட்டு, மாலை போட்டுச் சுவரில் மாட்டியிருந்தார்கள். அதைப் பார்த்துக்கொண்டுதான் அப்படிச் சொன்னாளாம். நைனா தனியாக எடுத்துக்கொண்ட போட்டோ அது ஒன்றுதான் எங்களிடம் இருக்கிறது. சிரிக்காமல் இருக்கிறார். யாரோ மாதிரி இருக்கிறார்.

ஒப்பந்தம் முடிய இருந்த ரெண்டு மாசத்தில் நான் ஒரு காரியம் பண்ணினேன். படகை எங்கே ஏற்றுவார்கள் என்று பார்க்கவே கடலோரமாக ஒரு கிராமத்துக்குப் போனேன். ரெண்டு மலைக்கு நடுவில் கையளவு மணல். மீன்காரர்கள் படகுக்குக் கயிற்றைக் கட்டி, மறுமுனையை ஜீப்பில் மாட்டி, சர்ரென்று ஏற்றிவிடுகிறார்கள். ஏலேலோ கிடையாது, பத்துப் பேர் தோள் கொடுக்கிறதும் கிடையாது. போனில் வீடியோ எடுத்து வைத்துக்கொண்டேன். அனுப்பவில்லை. நேரில் காட்டி, நைனா முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும் என்று இருந்தேன்.

பங்குனியில் ஒப்பந்தம் முடிந்தது. நைனாவுக்கு அந்த ஊர்க்காரர்கள் போடுகிற பூவேலைத் தொப்பி ஒன்று வாங்கிக்கொண்டு சென்னையில் இறங்கினேன். மாமா மட்டும் ஒரு வாடகைக் காரோடு வந்திருந்தார். "நைனா வரலியா?" என்றேன். "தொழிலுக்குப் போயிருக்காரு" என்று பெட்டியைத் தூக்குவதில் மும்முரமாகிவிட்டார். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். ரெண்டு வருஷம் கழித்துப் பெண் வருகிறாள், ஒரு நாள் தொழிலை விட்டால் குடி முழுகிவிடுமா?

மீஞ்சூர் தாண்டி, எங்கள் ஊருக்கு முன்னால் இருக்கிற காட்டூர் வந்ததும் மாமா காரை ஓரம் கட்டச் சொன்னார். வேப்பமரத்தடியில் அம்மா உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் தூக்குப் பாத்திரம், தலைவாழை இலை, ஒரு குடம் தண்ணீர்.

வீட்டுக்குப் போகும் முன்னே வழியில் சோறு வந்தால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்போது அம்மா நிமிர்ந்து பார்த்தாள். நெற்றியில் வட்டமாகக் குங்குமம். கையில் சிவப்புக் கண்ணாடி வளையல். முந்தானையைக் கழுத்தைச் சுற்றிப் போட்டிருந்தாள்.

அப்பாடா என்றிருந்தது. இதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். யாரோ போயிருக்கிறார்கள், சித்தப்பாவோ அத்தையோ, யாராக இருந்தாலும் இருக்கட்டும், நைனா இல்லை. இறங்கிப் போய் அம்மாவைக் கட்டிக்கொண்டேன். "மொதல்ல சாப்டு" என்றாள். இலையைப் போட்டு மடவை மீன் குழம்பும் எறா தொக்கும் வைத்தாள். நானும் முறைப்படி ஒன்றும் கேட்காமல் உட்கார்ந்தேன். ரெண்டு வருஷத்துப் பசி. மாமா தூரத்தில் போய் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வாய் நிறையச் சோற்றோடு ஜீப் கதையைச் சொன்னேன். "படகை ஜீப்பு வெச்சு இழுக்கறாங்கம்மா. நைனாவாண்ட சொன்னா நம்பவே மாட்டாரு பாரு."

"நீ சாப்டு" என்றாள்.

இன்னும் ஒரு துண்டு மீன் கேட்டேன். வைத்தாள். இலையை வழித்துச் சாப்பிட்டேன். அம்மா குடத்தைச் சாய்த்து என் கைக்குத் தண்ணீர் ஊற்றினாள், ஒவ்வொரு விரலாகக் கழுவிவிட்டாள், தன் முந்தானையால் துடைத்துவிட்டாள். அப்புறம் அதே முந்தானையின் நுனியை எடுத்துத் தன் நெற்றியைத் துடைத்தாள். அழுத்தி, ரெண்டு தடவை. வளையலை ஒவ்வொன்றாகக் கழற்றி இலை ஓரத்தில் வைத்தாள். அவை அக்காவின் வளையல்கள்.

ஊருக்குள் அந்தக் கோலத்தில் அவளால் நிற்க முடியாது. அதனால்தான் தன்னை யாருக்கும் தெரியாத காட்டூர் வரைக்கும் சோற்றைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறாள்.

நான் அவள் நெற்றியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா என் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கரைக்கு வந்துட்டம்மா" என்றாள். "இப்ப அழு."