பூட்டிய வீட்டில் ஓடிய மீட்டர்

வீட்டுக்குள் கால் வைக்காமலேயே அந்த வீட்டைப் படித்துவிடுவார் மீட்டர்காரர். பன்னிரண்டு வருடமாகத் தெருத்தெருவாக நடந்து மின்கணக்கு எடுக்கிறவர். நாளொன்றுக்கு நூற்றைம்பது வீடு, நாலைந்து நாய், இரண்டு மூன்று "அப்புறம் வாங்க." ஒரு மாடிவீட்டில் திருட்டுத்தனமாக ஒயர் இழுத்திருந்ததை, ஏற வேண்டிய எண் ஏறாததை வைத்தே கண்டுபிடித்து அலுவலகத்தில் பாராட்டு வாங்கியவர். ஆட்கள் ஆயிரம் சொல்வார்கள், மீட்டர் மாற்றிச் சொல்லாது என்பது அன்றிலிருந்து அவருக்குள் ஊறிப்போய்விட்டது.

அப்படிப்பட்ட மீட்டர் அவர் வீட்டைப் பற்றியே ஒன்றைச் சொன்னது.

எட்டு வீடுகள் உள்ள கட்டிடத்தில் இரண்டாம் மாடி அவர்களுடையது. எட்டு மீட்டர்களும் கீழே மாடிப்படிக்கு அடியில் வரிசையாக இருந்தன. போகும்போதும் வரும்போதும் தன் வீட்டு எண்ணை ஒரு பார்வை பார்ப்பார். கண்ணாடியைத் தாண்டும்போது கை தானாகத் தலைமுடிக்குப் போகுமே, அப்படி. மனைவி மருந்துக் கம்பெனியில் பேக்கிங் வேலைக்கு ஏழு மணிக்கே கிளம்பிவிடுவாள். பத்தாம் வகுப்பு படிக்கும் மகளும் அவரும் எட்டு மணிக்கு வீட்டைப் பூட்டிவிட்டு இறங்குவார்கள். அதன்பிறகு மாலைவரை உள்ளே ஃப்ரிட்ஜ் மட்டும்தான். முக்கால் யூனிட்டுக்கு மேல் ஓடாது.

ஒரு செவ்வாய்க்கிழமை ஒன்றே முக்கால் ஓடியிருந்தது.

காலையில் தப்பாகப் பார்த்திருப்போம் என்று விட்டுவிட்டார். புதன், வியாழன், வெள்ளி மூன்று நாளும் அதே கதை. திங்கட்கிழமை பழையபடி முக்கால். அப்புறம் மூன்று வாரத்துக்கு ஒன்றும் இல்லை. பிறகு மறுபடியும் நாலு நாள். ஒரு சின்ன நோட்டு வாங்கித் தேதிகளைக் குறித்துக்கொண்டார்.

வீட்டுச் சாவி மூன்று பேரிடம் இருக்கிறது. மனைவி வேலை செய்யும் இடத்தில் உள்ளே போனால் மாலைவரை வெளியே விடமாட்டார்கள். மிச்சம் இருப்பது யார்?

அதற்குப் பிறகு மகள் செய்ததெல்லாம் சந்தேகமாகவே பட்டது. முன்பெல்லாம் செல்போனை எங்கேயாவது போட்டுவிட்டுத் தேடுவாள். இப்போது திரையைக் கவிழ்த்து வைக்கிறாள். எதைக் கேட்டாலும் "ஒண்ணுமில்ல." அவர் அறைக்குள் நுழைந்தால் தாயும் மகளும் பேச்சை நிறுத்துகிறார்கள். மனைவியும் இதற்கு உடந்தையா?

ஒருநாள் சாப்பிடும்போது மெல்ல ஆழம் பார்த்தார்.

"மத்தியானம் எங்கம்மா சாப்பிடுற?"

"ஸ்கூல்லதான். வேற எங்க சாப்பிடுவாங்க?"

"யாரோட?"

"பொண்ணுங்களோடப்பா. என்ன, எனக்கும் ரீடிங் எடுக்கிறீங்களா?"

மனைவி சிரித்துவிட்டாள். இந்தச் சிரிப்பு கொஞ்சம் நீளமோ என்று அவருக்குத் தோன்றியது.

வேலையிடத்தில் அவருக்கு நெருக்கம் லைன்மேன். மூன்று ஆண்பிள்ளைகளைப் பெற்றவர். கம்பத்திலிருந்து இறங்கியதும் இவர் முகத்தைப் பார்த்தார்.

"என்னய்யா, ஃபியூஸ் போன மாதிரி இருக்க?"

யாரோ ஒரு தெரிந்தவர் வீட்டுக் கதையாக மீட்டர்காரர் நோட்டைக் காட்டினார். லைன்மேன் தேதிகளின் மேல் விரலை ஓட்டினார்.

"நாலு நாள் வரான், மூணு வாரம் காணாமப் போறான். திரும்ப நாலு நாள். ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் ரெண்டு நாள் முன்னபின்ன. இது டூட்டிய்யா. லாரி டிரைவரா இருப்பான், இல்ல கப்பல்ல வேலை பாக்கிறவனா இருப்பான். லீவுக்கு ஊருக்கு வரான்."

"கப்பல்லயா?"

"வயசு கூடின ஆளுதான். சின்னப் பையன்னா தினமும்ல வருவான்! பாவம்யா உன் தெரிஞ்சவரு."

மீட்டர்காரருக்கு அதன்பின் சோறு இறங்கவில்லை. மகளிடம் நேராகக் கேட்டுவிடலாம். கேட்டால் இல்லை என்பாள், அடுத்த தடவை உஷாராகிவிடுவாள். கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும். பிடித்தால் அன்றோடு இந்தப் பள்ளிக்கூடம் முடிந்தது, தூரத்தில் இருக்கும் தன் அக்கா வீட்டுக்கு அனுப்பிவிடுவது என்று முடிவு செய்தார். இரண்டு குடும்பத்திலும் கல்லூரி வாசலை மிதித்தவர்கள் கிடையாது. இவள் மிதிப்பாள் என்று டீச்சரே மனைவியிடம் சொல்லியிருக்கிறார். எதை உடைக்கப் போகிறோம் என்று தெரிந்தேதான் முடிவு செய்தார்.

மூன்று மாதத் தேதிகளை வைத்துக் கணக்குப் போட்டார். அடுத்தது புதன்கிழமை வாக்கில் வர வேண்டும். அன்று மதியம் பன்னிரண்டேகாலுக்குப் படிக்கு அடியில், நிறுத்தியிருந்த வண்டிகளுக்குப் பின்னால் நின்றுகொண்டார். மீட்டர் பக்கத்தில் மீட்டர்காரர் நின்றால் யார் என்னவென்று கேட்கப் போகிறார்கள்?

பன்னிரண்டு நாற்பதுக்கு மகள் வந்தாள். தனியாகத்தான் வந்தாள். புத்தகப்பை இல்லை. துப்பட்டாவின் ஒரு முனையைப் பின்பக்கமாக இழுத்துப் பிடித்துக்கொண்டு இரண்டிரண்டு படியாக ஏறினாள். கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது.

அவர் வீட்டு மீட்டரின் சிவப்புப் புள்ளி சோம்பலாக மினுக்கிக்கொண்டிருந்தது. திடீரென்று படபடவென்று அடிக்கத் தொடங்கியது. வாட்டர் ஹீட்டர். ஐந்து நிமிடம் பார்த்தார். படியில் வேறு யாரும் ஏறவில்லை. அப்படியானால் அந்த ஆள் முன்னாலேயே உள்ளே வந்துவிட்டான். சாவி கொடுத்து வைத்திருக்கிறாள்! புள்ளி கொஞ்சம் தணிந்தது. ஆனாலும் வேகம்தான். இது அயர்ன் பாக்ஸ். கப்பல்காரனுக்குச் சட்டை தேய்த்து வேறு கொடுக்கிறாளா?

அவர் மேலே ஏறித் தன் சாவியால் கதவைத் திறந்தார்.

"யாரு?" என்று உள்ளிருந்து மகள் அலறினாள்.

பதில் சொல்லாமல் கதவுக்குப் பின்னால் பார்த்தார். கட்டிலுக்கு அடியில் குனிந்தார், பால்கனிக்கு ஓடினார், குளியலறைக் கதவைத் தள்ளினார். வாளியில் வெந்நீர் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. மகள் நைட்டியில் நின்றாள். மேசைமேல் ஈரமாக அவளுடைய யூனிஃபார்ம் பேன்ட். கையில் அயர்ன் பாக்ஸ்.

"எங்க அவன்?"

"எவன்?"

"நடிக்காத. மூணு மாசமா தெரியும் எனக்கு." நோட்டை எடுத்து மேசைமேல் போட்டார். "இதோ, தேதி வாரியா எழுதி வச்சிருக்கேன். இல்லைன்னு சொல்லு பாக்கலாம்."

அவள் நோட்டைப் பிரித்தாள். முதல் பக்கத்தைப் பார்த்தபோது ஒன்றும் புரியாத முகம். இரண்டாம் பக்கத்தில் முகம் மாறியது. பயந்து வெளுக்கும் என்று எதிர்பார்த்துக்கொண்டிருந்தார். ரத்தமெல்லாம் ஏறிச் சிவந்தது.

"இதை எதுக்குப்பா எழுதி வச்சீங்க?"

"நீ பதில் சொல்லு."

"இது என் தேதிப்பா." நோட்டை மூடினாள். "அம்மாகிட்டகூட இப்படி வரிசையா இருக்காது."

அவருக்கு உறைக்க இன்னும் சில நொடிகள் பிடித்தன. மேசைமேல் இருந்த ஈரத்துணி, வெந்நீர், பின்பக்கம் இழுத்துப் பிடித்த துப்பட்டா, இருபத்தெட்டு நாள், இருபத்தேழு நாள். ஊரார் வீட்டு எண்ணையெல்லாம் படித்தவருக்கு இது ஏன் தோன்றவே இல்லை? கீழே போகலாமா, நிற்கலாமா என்று தெரியாமல் நின்றார். அவள் அரைகுறை ஈரத்தோடு பேன்ட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்த் தாழிட்டாள். ஐந்து நிமிடத்தில் அவரைப் பார்க்காமலேயே படியிறங்கிப் போனாள்.

மாலையில் மனைவி கொதித்தாள்.

"ஸ்கூல் பாத்ரூம்ல தண்ணி வராது, கதவுக்குத் தாழ்ப்பாளும் கிடையாது. வெளியில ஒருத்தி காவல் நிக்கணும். அதான் அந்த நாலு நாளும் மத்தியானம் வீட்டுக்கு ஓடி வந்துட்டுப் போடின்னு நான்தான் சொன்னேன். எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா அரை நிமிஷத்துல முடிஞ்சிருக்கும். போலீஸ் வேலை பாத்திருக்கீங்க!"

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா மட்டும் என்ன செஞ்சிருப்பீங்க?"

அவர் யோசித்துப் பார்த்தார். ஒன்றும் செய்திருக்க மாட்டார்.

மறுமாதம் அந்த நாட்களில் மீட்டர் முக்காலோடு நின்றது. பார்க்கக் கூடாது என்று தலையைத் திருப்பிக்கொண்டு படியேறியும், கண் திருட்டுத்தனமாகப் பார்த்துவிட்டது. மகள் வரவில்லை. தண்ணீர் குடித்தால்தானே தொல்லை என்று பாட்டிலைத் திறக்காமலேயே திருப்பிக் கொண்டுவருகிறாள் என்று மனைவி சொன்னாள்.

ஐந்தாம் நாள் மகளின் அறை வாசலில் போய் நின்றார். உள்ளே போகவில்லை.

"மத்தியானம் வீட்டுக்கு வாம்மா. நான் மீட்டரைப் பாக்க மாட்டேன்."

"பாக்காம இருக்க உங்களால முடியாதுப்பா." புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. "இப்பகூட எதுக்கு வந்து நிக்கிறீங்கன்னு யோசிச்சிட்டுதான் இருக்கேன்."

"வேற என்ன செய்யணும்னு சொல்லு."

அவள் புத்தகத்தை மூடினாள்.

"ஸ்கூல்ல போய் தாழ்ப்பாள் கேளுங்க. ஆனா எம்பேரு வெளியில வரக்கூடாது. வந்துச்சுன்னா நான் அந்தக் கிளாஸ்ல உக்கார முடியாது. உங்ககிட்ட அப்புறம் எதையும் சொல்லவும் மாட்டேன்."

மறுநாள் காலை, சீருடைச் சட்டையை விட்டுவிட்டு வெள்ளைச் சட்டையில் தலைமையாசிரியை முன்னால் போய் உட்கார்ந்தார். ஆயிரத்து இருநூறு பிள்ளைகள் படிக்கும் இடம். அவரை யாருக்கும் தெரியாது. வழியெல்லாம் மனப்பாடம் செய்ததை ஒப்பித்தார்.

"பொம்பளப் பிள்ளைங்க பாத்ரூம்ல தண்ணி வரல மேடம். கதவுல தாழ்ப்பாளும் இல்லையாம்."

தலைமையாசிரியை கண்ணாடியைக் கழற்றினார். அவரை மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

"அது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"கேள்விப்பட்டேன்."

"யார் சொன்னா? உங்க பொண்ணு எந்த கிளாஸ்?"

அவர் பேசவில்லை.

"பொண்ணு இங்க படிக்குதா, இல்லையா?"

அதற்கும் பேசவில்லை. தலைமையாசிரியை மெதுவாக மணியை அழுத்தினார். காவலாளி வந்து வாசலில் நின்றான். அவனும் அவரை மேலிருந்து கீழ்வரை பார்த்தான்.

"சம்பந்தமில்லாத ஆம்பள ஒருத்தர் பொண்ணுங்க பாத்ரூமைப் பத்தி இவ்வளவு விவரமா பேசினா, நான் என்னன்னு நினைக்கிறது?"

ஒரு பெயரைச் சொன்னால் போதும். இந்தப் பார்வை அப்படியே மாறிவிடும், குடிக்கத் தண்ணீர்கூட வரும்.

"நீங்க என்ன வேணா நினைச்சுக்கோங்க மேடம்" என்றார். "தாழ்ப்பாள் மட்டும் போட்டுடுங்க."

தலைமையாசிரியை பேனாவைத் திறந்து ஒரு புகார்ப் படிவத்தை இழுத்தார். புகார் கொடுப்பவர் பெயர் என்ற இடத்தில் பேனா முனை நின்றது. தன் பெயரைச் சொன்னாலும் மகளின் பெயர் வெளியே வந்துவிடும். வாசலில் காவலாளி கால் மாற்றி நின்றான். மீட்டர்காரர் கைகளை மடியில் வைத்துக்கொண்டு, வாயைத் திறக்காமல், நாற்காலியை விட்டும் எழாமல் உட்கார்ந்திருந்தார்.